நூறு கோடி டாலர் மிதித்தவர்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் மாத முதல் வார இறுதியில் 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்றொரு சைக்கிள் பயணம் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் சேர்கிறவர், பெயரைப் பதியும்போதே கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். எந்தத் தடத்தில், எத்தனை நாள் போகிறார் என்பதைப் பொறுத்து அவர் திரட்ட வேண்டிய நன்கொடைக்கு ஒரு தொகை உண்டு. இரண்டு நாள் பயணத்துக்கு அது பல ஆயிரம் டாலர். அக்டோபருக்குள் அந்தத் தொகை வந்து சேரவில்லையென்றால், மீதியை அவர் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். சாக்குப்போக்கெல்லாம் எடுபடாது.

தர்ம காரியத்தில் இவ்வளவு கறாரா என்று கேட்கத் தோன்றும். இந்தக் கறார்தான் அந்தப் பயணத்தின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். 1980இல் தொடங்கி 2024 வரை இந்தச் சைக்கிள்காரர்கள் பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்குத் திரட்டிக் கொடுத்த பணம் 100 கோடி டாலருக்கு மேல். 2024 பயணத்தில் மட்டும் 7.5 கோடி டாலர். பெரிய கம்பெனி முதலாளி எழுதிக்கொடுத்த ஒற்றைக் காசோலை அல்ல இது. அத்தையிடமும் அலுவலக நண்பரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் ஐம்பதும் நூறுமாகக் கேட்டு வாங்கிய பணம்தான் பெரும்பகுதி.

இதைத் தொடங்கிவைத்தவர் பில்லி ஸ்டார். 1974இல் அவருடைய அம்மா மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்துபோனார். அம்மாவுக்கு வயது 49. மகன் அப்போதுதான் இருபதுகளில் காலெடுத்து வைத்திருந்தார். உடலை வருத்துகிற நீண்ட பயணங்களில் அவர் ஆறுதல் தேடினார். 1980இல் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோர பிராவின்ஸ்டவுன் வரை இரண்டு நாளில் 220 மைல், அதாவது ஏறக்குறைய 354 கிலோமீட்டர், மிதிப்பது என்று 36 பேர் கிளம்பினார்கள். திரண்டது 10,200 டாலர். தலைக்கு முந்நூறு டாலர்கூடத் தேறவில்லை. அதோடு முடிந்துபோயிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டும் போனார்கள். அதற்கடுத்த ஆண்டும் போனார்கள்.

இன்று ஆறாயிரம் பேருக்கு மேல் மிதிக்கிறார்கள். புகழ்பெற்ற தடம் ஸ்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் தொடங்குகிறது. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் புறப்பட்டு, ஏற்றமும் இறக்கமுமாக ஏறத்தாழ 175 கிலோமீட்டர் மிதித்தால், போர்ன் என்ற ஊரிலுள்ள கடல்சார் கல்லூரி வளாகம் வரும். அங்கே கூடாரத்தில் படுத்துவிட்டு மறுநாள் இருட்டிலேயே எழுந்து, கால்வாய்க்கு மேலே உயர்ந்து நிற்கும் போர்ன் பாலத்தைக் கடந்து, கேப் காட் தீபகற்பத்தின் முனைவரை இன்னும் 120 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடைசிப் பகுதியில் மணல்மேடுகளுக்கு நடுவே போகும் சாலையில் எதிர்க்காற்று முகத்தில் அறையும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் பாரம் குறையும் என்பதால் முறைபோட்டு ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் வருவார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்திருக்கும். சீட்டில் உட்கார்ந்த இடம் எரியும். வேர்வை காய்ந்து ஜெர்சியில் உப்புக்கோடு படிந்திருக்கும்.

இந்தச் சாலையின் ஓரங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. வழிநெடுக மோரும் சுக்குக்காப்பியும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற அதே மனசு அங்கேயும் இருக்கிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் தண்ணீர் நிரப்புகிறார்கள், பஞ்சர் ஒட்டுகிறார்கள், பிடித்துக்கொண்ட கெண்டைக்காலை நீவிவிடுகிறார்கள். ப்ரூஸ்டர் என்ற ஊரில் சாலையோரம் நீளமாக ஒரு செடிவேலி உண்டு. அதற்குப் பின்னாலிருந்த கோடைமுகாமின் பிள்ளைகள் ஆண்டுதோறும் வேலிமேல் எட்டிப்பார்த்துப் போட்ட கூச்சலால், அந்த வேலியே சைக்கிள்காரர்கள் பெயர்சொல்லி எதிர்பார்க்கும் இடமாகிவிட்டது.

ஆனால் முதல் நாள் வழியில், லேக்வில் என்ற ஊரின் தண்ணீர்ப் பந்தலை நெருங்கும்போது கூச்சல் அடங்கிவிடுமாம். சாலையோரத்தில் வரிசையாகக் குழந்தைகளின் படங்கள். எல்லாம் டானா-ஃபார்பரின் குழந்தைகள் பிரிவில் சிகிச்சை பெற்ற, பெறுகிற பிள்ளைகள். பல சைக்கிள் குழுக்களுக்கு இப்படி ஒரு குழந்தையைத் துணை சேர்த்துவிடுகிறார்கள். 'பெடல் பார்ட்னர்' என்று பெயர். அந்தப் பிள்ளையின் பெயர் குழுவுக்குத் தெரியும். எந்த விளையாட்டு பிடிக்கும், இந்த வாரம் காய்ச்சல் இருந்ததா என்பதும் தெரியும். சில பிள்ளைகள் பந்தலுக்கே வந்து குழுவினரைக் கட்டிக்கொள்வார்கள். சிறுவயதில் நோயிலிருந்து மீண்ட ஒரு பையன், ஒவ்வோர் ஆண்டும் தன் புதிய வயதை அட்டையில் எழுதி, அது உங்களால்தான் என்று நன்றியும் சேர்த்துச் சாலையோரம் ஏந்தி நின்றிருக்கிறான். வயது ஏற ஏற, அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதித்தவர்கள் பலர்.

சைக்கிள் மிதிக்கிற வலியையும் கீமோ ஏறுகிற குழந்தையின் வலியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று நாமே விரும்பி ஏற்றது, ஞாயிறு மாலையோடு தீர்ந்துவிடுவது. மற்றதை அந்தக் குழந்தை கேட்கவில்லை. எப்போது தீரும் என்று டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த மிதித்தலுக்கு ஒரு பலன் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சி என்று பொதுவாகக் கேட்டால் பர்ஸைத் திறக்கத் தயங்குகிறவர், "முந்நூறு கிலோமீட்டர் மிதிக்கப்போறேன் மாமா" என்று மருமகள் வந்து நின்றால் கொடுத்துவிடுகிறார். பாதி தூரத்தில் விட்டுவிட மாட்டாள் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். கூச்சமுள்ளவருக்குப் பணம் கேட்பதைப்போல் கஷ்டமான காரியம் வேறில்லை. உடம்பை வருத்திக்கொள்வதால், வாய்விட்டுக் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது.

டானா-ஃபார்பருக்குப் பணம் திரட்டும் அமைப்பின் பெயர் 'ஜிம்மி ஃபண்ட்'. ஜிம்மி யார் என்று சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. 1948 மே 22 அன்று இரவு, அமெரிக்க வானொலியில் ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய நிகழ்ச்சி பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் படுத்திருந்த 12 வயதுப் பையன் ஒருவனோடு பேசியது. அடையாளம் வெளியே தெரியக்கூடாதென்று அவனுக்கு ஜிம்மி என்று பெயர் வைத்தார்கள். பேச்சுக்கு நடுவே, அவன் உயிராக நேசித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் நுழைந்தார்கள். 20,000 டாலர் சேர்ந்தால், தன் அணியின் ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டிவி கிடைக்கும் என்று நேயர்களிடம் சொன்னார்கள். அந்த வகையில் வந்து குவிந்தது 2,31,000 டாலருக்கு மேல்.

பையனின் வயிற்றில் புற்றுநோய். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் பிழைப்பது அரிது என்பதால், ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அரைநூற்றாண்டு கழித்து, அவர் சகோதரி எழுதிய கடிதத்தின் மூலம் உண்மை தெரியவந்தது. மெய்ன் மாநிலத்தின் நியூ ஸ்வீடன் ஊரைச் சேர்ந்த ஐனார் கஸ்டாஃப்சன் என்ற லாரி டிரைவர்தான் அந்த ஜிம்மி. கல்யாணமாகி மூன்று பெண்களுக்குத் தகப்பன். 1998இல் அவர் வெளியுலகுக்கு முகம் காட்டினார். 2001இல், 65 வயதில் இறந்தார்.

அந்தப் பையனுக்கு வைத்தியம் பார்த்தவர் சிட்னி ஃபார்பர். நோய்க்குறியியல் மருத்துவர். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் சில வாரங்களில் கண்ணெதிரே இறந்துபோவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் தீவிரமாவதைக் கவனித்தவர், அதன் வேலையைத் தடுக்கும் மருந்து கிடைத்தால் நோய் அடங்குமோ என்று யோசித்தார். அந்த மருந்தை அவருக்கு அனுப்பியது நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லி ஆய்வகம். அதன் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

இவர் நம் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் சொல்லைக் கேட்டுக் கதரில் அறுவை உடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல்போக, எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பினார்கள். பாஸ்டனுக்குப் போய், வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுப் பணியாளாகப் படுக்கைக் கழிவுகளை அள்ளியபடி ஹார்வர்டில் படித்தார். அவர் தலைமையில் லெடர்லியில் உருவான அமினோப்டெரின் மருந்தை 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் முதன்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார். சிகிச்சை பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. சில மாதங்கள்தான். ஆனால், மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கவைக்க முடியும் என்று அதுவரை எவரும் குழந்தைகளிடம் காட்டியதில்லை. 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். வசதியான நாடுகளில் இன்று குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இந்த நெடிய வேலைக்குத்தான் சைக்கிள்காரர்களின் பணம் போகிறது. டானா-ஃபார்பரில் பெரியவர்களுக்கும் வைத்தியம் உண்டு, பணம் இருசாராருக்கும் பயன்படுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் கணக்கு. 2007 முதல், சைக்கிள்காரர் திரட்டுகிற ஒவ்வொரு டாலரும் முழுதாக மருத்துவமனைக்கே போகிறது. சாப்பாடு, கூடாரம், பாதுகாப்பு, அலுவலகச் செலவு எல்லாவற்றையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் அறக்கட்டளை போன்ற புரவலர்களும் பதிவுக் கட்டணமும் பார்த்துக்கொள்கின்றன. பணத்தின் பெரும்பகுதியை இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டிப்போடுவதும் இல்லை. பலிக்குமா என்று தெரியாத, அரசு மானியம் எளிதில் கிடைக்காத ஆரம்பகட்ட ஆராய்ச்சிக்கு இப்படிப்பட்ட கட்டற்ற பணம்தான் கைகொடுக்கும். ஃபார்பரின் யோசனையும் ஆரம்பத்தில் அப்படிப்பட்டதுதான். கொரோனா வந்த 2020இல் கூட்டமாகப் போக முடியாமல், அவரவர் ஊரில் அவரவர் பாதையில் மிதித்தார்கள். அந்த ஆண்டும் 5 கோடி டாலர் கொடுத்தார்கள்.

நம் ஊரிலும் ஓர் அக்காவின் துக்கத்திலிருந்து ஒரு மருத்துவமனை பிறந்திருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. 1980களில் அந்த நிறுவனத்தை டாக்டர் சாந்தா நடத்திய காலத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கான எம்.சி.பி.-841 என்ற சிகிச்சை முறையை அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் கடைப்பிடித்தன. ஃபார்பரின் மருந்துக்குத் தம்பி முறையான மெத்தோட்ரெக்ஸேட்டும் அதில் உண்டு. அதுவரை ஐந்தில் ஒரு பிள்ளைகூடப் பிழைக்காத நோயில், கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள்.

மருந்து இருந்தும் இங்கே பிள்ளைகள் கைநழுவிப் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்க்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவு நடந்துவிட்டாலும், வெளியூரிலிருந்து வந்த அம்மா தங்க ஓர் அறை, அப்பாவின் போன கூலி, திரும்பத் திரும்ப பஸ் சார்ஜ், பிள்ளைக்கு முட்டையும் பாலும் என்று ஒவ்வொன்றும் குடும்பத்தை அழுத்துகிறது. ஆறு மாதத்தில் பிள்ளை தெளிச்சியாக ஓடியாடுவதைப் பார்த்ததும் ஊருக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். நோய் திரும்பி வரும்போது மறுபடி மருந்துக்கு மசிவதில்லை.

சென்னையில் ஞாயிறு விடியலில் ஈசிஆர் சாலையில் போய்ப் பாருங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டு மாமல்லபுரத்தை நோக்கி வரிசையாகப் போகிற சைக்கிள் குழுக்கள் கண்ணில்படும். புதுச்சேரிவரை மிதித்துத் திரும்புகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே சிகிச்சை முடியும்வரை அம்மாக்கள் தங்கும் செலவும் பஸ் சார்ஜும் எங்கள் பொறுப்பு என்று மருத்துவமனையிடம் எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு எவ்வளவு என்று முன்பே நிர்ணயித்துக் கையெழுத்து வாங்குங்கள். டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் வேறு புரவலரைப் பிடியுங்கள். போய்வந்தபிறகு குழுப் படம் போடுவதற்கு முன்னால், மருத்துவமனை கொடுத்த ரசீதைப் போடுங்கள். அடுத்த ஆண்டும் அதே வார்டுக்காகவே மிதியுங்கள்.