அழுகுணி ஆட்டம் ஆடுறவளை என்ன செய்யலாம்?

உட்கார்ந்து ஆடுற ஆட்டத்தைப் பத்தி இந்த இதழில் எழுதுகிறேன். சரியாச் சொன்னா ஆட்டத்தைப் பத்தி இல்லை, ஆட்டத்தைக் கெடுக்கிறவங்களைப் பத்தி. மதிய இடைவேளையில் வராண்டாவில் தாயம் ஆடுற எல்லா குரூப்பிலும் இப்படி ஒருத்தர் இருக்காங்க. எங்க குரூப்பில் அப்படி யாருமே இல்லைன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க பார்க்கலாம்!

நம்ம பேச்சில் இதுக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் பொய் சொல்லி, சண்டை போட்டு, கண்ணைக் கசக்கி ஜெயிக்கப் பார்த்தா அது அழுகுணி ஆட்டம். பாதியில் காயைத் தட்டிவிட்டு எழுந்து போனா ஆட்டையைக் கலைக்கிறது. அப்படிப்பட்டவங்களுக்கு நாம கொடுக்கிற தண்டனைக்கும் பேர் உண்டு. காய் விடுறது, ஆட்டைக்குச் சேர்க்காம விடுறது, இல்லைன்னா ஒப்புக்குச் சப்பாணியா வச்சுக்கிறது. அதாவது அவளும் ஆடுற மாதிரி இருக்கும், ஆனா அவ ஆட்டம் கணக்கில் வராது. (அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கலை. கால் நடக்க முடியாதவங்களைச் சொல்ற வார்த்தை அது. வேற நல்ல வார்த்தை யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.) ஆனா, அவ ஏன் அப்படி ஆடுறான்னு கேட்கிறதுக்கு மட்டும் ஒரு பேரும் இல்லை.

எங்க குரூப்பில் நடந்ததைச் சொல்றேன். சுவரில் ஒட்டுறதை எல்லாரும் படிப்பாங்க, அதனால அவ பேர் போடலை. அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அவ போன வருஷம் பாதியில் வந்து சேர்ந்தா. சொந்த ஊர் அத்திப்பள்ளி பக்கம். நம்ம ஜுஜுவாடியைத் தாண்டினதும் கர்நாடகா, அதுதான் அத்திப்பள்ளி. அவங்க அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைச்சதால குடும்பமே இந்தப் பக்கம் வந்துட்டாங்க. வீட்டில் கன்னடம். தமிழ் நல்லாப் பேசுவா, எழுதத்தான் திணறுவா. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வந்தா பகலெல்லாம் தூங்குவார், வீட்டில் சத்தமே போடக்கூடாது. அதனால மதியம் ஆடுற அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு விளையாட்டு. அதிலிருந்தும் அவளை எடுத்துட்டா அவ யார்கூட உட்காருவா?

ஆனா அவகூட ஆடுறது லேசு இல்லை. நாலு விழுந்ததும் புளியங்கொட்டையை விடாம மறுபடியும் போடுவா. நாங்க தாயம் போட்டு மறுபடி போடப் போனா, "மோசா! மோசா!"ன்னு கத்துவா. கன்னடத்தில் மோசம்னா ஏமாத்து வேலை. நாங்க அவளை அழுகுணின்னு சொல்ல, அவ எங்களை மோசம்னு சொல்ல, பெல் அடிக்கிற வரைக்கும் ஒரு பழம்கூட எடுத்திருக்க மாட்டோம். குரூப்பில் ரெண்டு பேர், "இவளை நாளையிலிருந்து சேர்க்க வேண்டாம்டி"ன்னு சொல்லிட்டாங்க.

அப்போ எங்க குரூப்பில் தெலுங்கு வீட்டுப் பொண்ணு ஒருத்தி ஒரு விஷயம் சொன்னா. அவங்க அவ்வா இந்த ஆட்டத்துக்குச் சொல்ற பேர் அஷ்டா சம்மா. அஷ்டான்னா எட்டு, சம்மான்னா நாலு. அந்த ரெண்டும் விழுந்தாத்தான் மறுபடி போடலாம், ஆட்டத்தின் பேரிலேயே விதி இருக்கு! உடனே அத்திப்பள்ளிக்காரி, "எங்க அஜ்ஜி சௌக்க பாரான்னு சொல்வாங்க, அதுவும் இதேதான்"னு எழுந்தே நின்னுட்டா. சௌக்கான்னா நாலு, பாரான்னு அவங்க சொல்றது எட்டை. அவ ஏமாத்தவே இல்லை. அவங்க அஜ்ஜி சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஒழுங்கா ஆடிக்கிட்டு இருந்திருக்கா.

அப்படின்னா எங்க விதி தப்பா? இதைத்தான் நான் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு பாடம் இருக்கு, அது இதுக்குத்தான் உதவுச்சு. எங்க வீட்டில் இருக்கிறது ரெண்டு பித்தளைத் தாயக்கட்டை. ஒவ்வொண்ணுக்கும் நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மத்த பக்கங்களில் 1, 2, 3 புள்ளி. ரெண்டையும் உருட்டினா மொத்தம் 16 விதமா விழலாம். அதில் நாலு விழ 3 வழி இருக்கு (1, 3 அல்லது 3, 1 அல்லது 2, 2). ரெண்டுக்கும் 3 வழி, மூணுக்கு 4 வழி. ஆனா தாயத்துக்கு 2 வழிதான், அஞ்சுக்கும் 2 வழிதான். ஆறுக்கு 1 வழி. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு, அதுக்கும் 1 வழி. பாட்டி சொல்லிக்கொடுத்த விதி என்ன? தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம். ரெண்டு, மூணு, நாலு விழுந்தா கட்டையைக் கொடுத்துடணும். அதாவது அரிதா விழுறதுக்குப் பரிசு!

இப்போ நாலு புளியங்கொட்டையை எடுத்துக்குங்க. ஒரு பக்கம் தரையில் தேய்ச்சு வெள்ளையாக்கினது. கொட்டை ரெண்டு பக்கமும் சமமா விழும்னு வச்சுக்கிட்டா, இதுக்கும் 16 விதம்தான். ஒரே ஒரு வெள்ளை விழ 4 வழி, ரெண்டு வெள்ளைக்கு 6 வழி, மூணு வெள்ளைக்கு 4 வழி. நாலும் வெள்ளையா விழ 1 வழிதான். நாலும் கறுப்பா விழுந்தா எட்டு, அதுக்கும் 1 வழிதான். இதில் அரிதா விழுறது நாலும் எட்டும்! அஜ்ஜி விதியும் அரிதுக்குத்தான் பரிசு கொடுக்குது. பித்தளைக் கட்டைக்கு எங்க பாட்டி விதி சரி, கொட்டைக்கும் சோழிக்கும் அவங்க அஜ்ஜி விதி சரி. வராண்டாவில் நடந்த சண்டை, கொட்டையை வச்சுக்கிட்டுக் கட்டை விதியில் ஆடினதால வந்தது. பாட்டிகிட்ட இந்தக் கணக்கைக் காட்டினேன். "இதுக்கு நோட்டு வேறயா? ஆடிப் பார்த்தாலே தெரியுமே"ன்னாங்க.

ஆகவே தோழிகளே, முதல் காய் இறங்குறதுக்கு முன்னாடியே விதியைப் பேசிடணும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதை சொல்லி, ராத்திரி தெருக்கூத்து ஆடுறதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கதையில் பந்தயப் பொருள் வைக்கிறது துரியோதனன், காய் உருட்டுறது சகுனி. ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஆடுறது முறை இல்லையேன்னு தர்மர் அப்பவே சொல்வார். சொல்லிட்டு ஆடவும் உட்கார்ந்துடுவார்! அங்கேயே, "முதல்ல இதை முடிவு பண்ணுங்க, அப்புறம் உருட்டலாம்"னு நின்னிருந்தா மீதிக் கதையே இருந்திருக்காது.

பெங்களூரில் காலேஜ் படிக்கிற என் சித்தப்பா மகன், அண்ணன், நண்பர்களோட ஒரு ஆட்டம் ஆடுறாங்க. பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் 1974-இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட கூத்து மாதிரி, ஆனா வேஷம் கட்டாம மேஜையைச் சுத்தி உட்கார்ந்துகிட்டு ஆடுறது. ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம், ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். வாள் வீசினா படுமா படாதான்னு 20 முகம் உள்ள பகடை சொல்லும். இதில் ஜெயிக்கிறவர், தோக்கிறவர்னு கிடையாது. எல்லாரும் ஒரே பக்கம். அப்படின்னா சண்டையே வராதுன்னு நினைச்சேன். அண்ணன் சிரிச்சுட்டார்.

அவங்க குரூப்பில் திருடன் பாத்திரம் எடுத்தவர் கூட வர்றவங்க பையிலேயே கை வைப்பாராம். கேட்டா, "நான் என்ன செய்யறது, என் பாத்திரம் திருடன், அவன் அப்படித்தான் செய்வான்"னு பதில். கேட்கிறதுக்கு நியாயம் மாதிரி இருக்கு, ஆனா மத்த நாலு பேருக்கும் ஆட்டம் கசந்துபோச்சு. கதை நடத்துறவர் முதல்ல கதைக்குள்ளேயே தண்டிச்சுப் பார்த்தார், திருடனைச் சிறையில் போட்டார். அவர் தப்பிச்சு வந்து இன்னும் ஜாஸ்தியாத் திருடினார். கடைசியில் ஆட்டத்தை நிறுத்திட்டு, டீக்கடைக்குத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டிருக்கார். "பாத்திரம் திருடன், சரி. அந்தப் பாத்திரத்தை உண்டாக்கினது நீதானே? கூட்டாளிகிட்ட மட்டும் கை வைக்காத திருடனா அவனை மாத்தேன்." அவருக்கு அது பிடிச்சுப்போச்சாம். இப்போ அவங்க முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே ஒரு நாள் உட்கார்ந்து எது செய்யலாம், எது கூடாதுன்னு பேசிடுறாங்க. அதுக்கு செஷன் ஜீரோன்னு பேர். அந்த ஆட்டம் ஆடுறவங்க நிறைய பேர்கிட்ட இந்தப் பழக்கம் இருக்காம்.

எனக்குப் பிடிச்சது அந்த டீக்கடை. எல்லார் முன்னாடியும் ஒருத்தியை ஏமாத்துக்காரின்னு சொன்னா, அவ ஒத்துக்கவே மாட்டா, யாராயிருந்தாலும் சரி.

இது எங்களுக்கும் தேவைப்பட்டுச்சு. விதி பேசி முடிச்ச பிறகும் அத்திப்பள்ளிக்காரி ஒரு வேலை செய்வா. கொட்டையைக் குலுக்காம, உள்ளங்கையில் அடுக்கி மெதுவாக் கவிழ்ப்பா. இதுக்கு அஜ்ஜி விதி கிடையாது, இது ஏமாத்துதான். கை கழுவப் போறப்போ குழாய்கிட்ட நான் தனியாச் சொன்னேன். "நீ அடுக்கி வைக்கிறதை நான் ரெண்டு தடவை பார்த்தேன். இன்னும் யார்கிட்டேயும் சொல்லலை." நீ எப்பவும் இப்படித்தான்னு சொல்லலை, நீ கெட்டவன்னு சொல்லலை, பார்த்ததை மட்டும் சொன்னேன். அவ ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் வந்து உட்கார்ந்தா. அதுக்குள்ள நாங்க ஒரு கொட்டாங்குச்சி கொண்டு வந்து, இனிமே எல்லாரும் இதில் போட்டுக் குலுக்கித்தான் கவிழ்க்கணும்னு முடிவு பண்ணியிருந்தோம். அவளுக்கு மட்டும்னு இல்லை, எல்லாருக்கும். அதில் அடுக்கி வைக்க முடியாது, யாரும் யார் கையையும் முறைச்சுப் பார்க்கவும் வேண்டாம்.

பாதியில் எழுந்து போறவங்களைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை. பெரிய பெரிய ஆளுங்களே செய்றாங்க. செஸ் உலக சாம்பியனா இருந்தப்போ மேக்னஸ் கார்ல்சன் 2022 செப்டம்பரில் ஒரு ஆட்டம் தோத்த மறுநாள் அந்தப் போட்டியை விட்டே விலகிட்டார். எதிராளி மேல சந்தேகமாம். சரியான காரணம் இல்லாம விலகினதுக்காக 2023 டிசம்பரில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு 10,000 யூரோ அபராதம் போட்டுச்சு. எங்க குரூப்பில் அபராதம் இல்லை. எழுந்து போனா அன்னைக்கு அவ காய் அப்படியே கட்டத்தில் நிக்கும், மத்தவங்க வெட்டிக்கலாம். மறுநாள் வந்தா சேர்த்துக்குவோம். ஆனா ஒரு வாரத்தில் மூணு தடவை கலைச்சா அடுத்த வாரம் ஆட்டம் கிடையாது. ஆட்டம் மட்டும்தான் கிடையாது. சாப்பாட்டுக்கு எங்க கூடத்தான் உட்காரணும், காய் விடக்கூடாது. இதைச் சேர்க்கச் சொன்னது அத்திப்பள்ளிக்காரிதான். முதல்ல மாட்டினதும் அவதான்! அந்த வாரம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்துகிட்டு எல்லாருக்கும் யோசனை சொல்லியே கழுத்தறுத்தா. அதுக்கு இன்னும் விதி போடலை.

திங்கள், புதன் ரெண்டு நாள் கொட்டை, அஜ்ஜி விதி. வெள்ளிக்கிழமை பித்தளைக் கட்டை, பாட்டி விதி. ரெண்டும் ஒரு அட்டையில் எழுதி வச்சிருக்கோம், தமிழ்ப் பக்கம் நான் எழுதினது, கன்னடப் பக்கம் அவ எழுதினது. புதுசா ஆட வர்றவங்க அட்டையைப் படிச்சுட்டு, தேய்ச்ச புளியங்கொட்டை நாலு எடுத்துட்டு வாங்க. இருந்த கொட்டையில் ரெண்டைக் காணோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி