கடலை மறைத்த சாலை

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பசிபிக் மாகடலிலிருந்து நிலத்தினுள் நீண்டு வந்துள்ள ஓர் உட்கடலின் ஓரத்தில், ஸியாட்டில் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரத்திற்கும் அதன் கடலுக்கும் நடுவே, 1953-ஆம் ஆண்டில், இரண்டடுக்கு மேம்பாலச் சாலையொன்று திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் தெருக்களில் நெருக்குண்டு நிற்காமல் விரைந்து செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறிற்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் அதற்கு விலை கொடுத்தவன் காலால் நடப்பவனே. மேல் தட்டில் வண்டியோட்டிச் சென்றவர்க்கு விரிகுடாவும் அதற்கப்பாலுள்ள மலைகளும் கண்கொள்ளாக் காட்சி. கீழே நடந்தவர்க்கோ நிழலும் இரைச்சலும், தூண்களினிடையே நிறுத்தப்பட்ட வண்டிகளுமே கிடைத்தன.

1989-இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த பூகம்பத்தில், ஓக்லண்டு நகரில் இதைப் போன்ற ஈரடுக்குச் சாலையொன்று இடிந்து 42 பேர் மாண்டனர். 2001 பிப்ரவரியில் ஸியாட்டிலும் அதிர்ந்தது, மேம்பாலம் பழுதுற்றது. இனி அது நிலைக்காது என்பது தெளிவாயிற்று. அதனிடத்தில் எதை அமைப்பது என்பதில்தான் பிணக்கு. 2007-இல் நகர மக்களின் கருத்தைக் கேட்டபோது, புதிய மேம்பாலமும் வேண்டாம், அப்போது கூறப்பட்ட சுரங்கமும் வேண்டாம் என்று இரண்டையுமே தள்ளிவிட்டனர்! பின்னர், நகரின் அடியில் ஆழமாகத் துளைத்துச் செல்லும் வேறொரு சுரங்கம் முடிவாயிற்று. ஏறக்குறைய 57 அடி விட்டமுள்ள துளைப்பு இயந்திரம் 2013-இல் வேலை தொடங்கி, சில மாதங்களிலேயே பழுதுபட்டு, இரண்டு ஆண்டுகள் மண்ணுக்குள் முடங்கிக் கிடந்தது. 2019 பிப்ரவரியில் சுரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பழைய பாலம் இடித்து அகற்றப்பட்டது.

பாலம் போனவுடன் கரை மக்கள் கைக்கு வந்துவிடவில்லை. 1907 முதல் நடந்துவரும் நகரச் சந்தை மேட்டின் மேலே இருக்கிறது. கடலோ செங்குத்தான சரிவின் கீழே. ஆகவே சந்தையிலிருந்து சாலையின் மேலாகக் கடந்து, படிப்படியாய்க் கரைக்கு இறங்கும் அகன்ற நடைமேடையொன்று 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. வண்டிகளுக்கெனப் பாலம் கட்டிய இடத்தில் இப்போது மனிதருக்கெனப் பாலம்!

இத்திட்டத்தில் மீன்களுக்கும் பங்குண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம். கரையைத் தாங்கிய பழைய கடற்சுவரின் மரப்பகுதிகளை நுண்ணிய கடற்பூச்சிகள் அரித்திருந்தன. ஆதலால் புதுச்சுவர் எழுப்ப நேர்ந்தது. ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்லும் சால்மன் மீன்குஞ்சுகள் கரையோரமாகவே நீந்துவன. ஆனால் துறைமேடைகளின் இருண்ட நிழலுக்குள் புக அஞ்சுவன. அவற்றிற்கு வெளிச்சம் கிட்டுமாறு, நீருக்கு மேலாக நீட்டியமைத்த நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்தார்கள். சூரிய ஒளி நடப்பவரின் காலடி வழியே நீரில் இறங்குகிறது.

குறை இல்லாமலும் இல்லை. சுரங்கத்தில் செல்லச் சுங்கம் உண்டு. அதன் நடுவே நகரின் மையத்திற்கு ஏறிவரும் வழியும் கிடையாது. எனவே தரைச் சாலைக்கும் வண்டிப் பாரம் குறையவில்லை. பயணப் படகுத்துறைக்கு அருகே அச்சாலையை மிக அகலமாகவே அமைத்திருக்கின்றனர். நடைமேடை வழியே இறங்கி வருபவர் தடையின்றிக் கடலை அடைகிறார். படகுத்துறைக்கு எதிரே, குழந்தையின் கையைப் பிடித்து நிற்கும் தாயோ, பல வரிசை வண்டிகள் ஓயும்வரை இன்றும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.