மிரளும் குட்டியைத் துரத்தாதீர்கள்

வெள்ளாட்டுக் குட்டி மிரள்வது திமிரல்ல, தற்காப்பு. அது இரையாகும் விலங்கு. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழச் சுற்றிலும் பார்க்கும். மேலிருந்து நீளும் கை அதற்கு ஆபத்து. ஆகவே பட்டியில் தரையோடு உட்கார்ந்து, உற்றுப் பார்க்காமல், அகத்திக்கீரைக் கொத்தை நீட்டுங்கள். தானாக வந்து கடிக்கட்டும். பிறகு தலையை விட்டுவிட்டு நெஞ்சில் மெல்லச் சொறியுங்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், திறக்க முடியாத பெட்டியின் முன் நின்ற ஆடுகள் உதவி கேட்பதுபோல் மனிதரைத் திரும்பிப் பார்த்தன. ஆள் நெருக்கத்தை ஏற்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு.

பிடித்து வைத்தால் பழகிவிடும் என்பார்கள். பிடியில் அசையாமல் நிற்பது பெரும்பாலும் பயம்தான். விட்டதும் ஓடுவதே சாட்சி. மந்தைக்காரருக்கு நேரமேது என்றால், தீவனம் வைக்கும் வேளையே போதும். பழகிய குட்டிக்குத் தடுப்பூசி போடுவதும் குளம்பு வெட்டுவதும் சுலபம். பொறுமையாகக் காத்திருங்கள், அதுவே வரும்.