அலுமினிய சைக்கிள் பிரேமில் விரிசலா? வெல்டிங் வைப்பதற்கு முன் இதை படிங்க!

செஞ்சி:
இரும்பு சைக்கிளில் பிரேம் விட்டுப்போனால் கவலை இல்லை. பட்டறைக்கு தள்ளிக்கொண்டு போய், "ஒரு டாக் வெச்சு குடுங்கண்ணே" என்றால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து விடும். அதே பழக்கத்தில் அலுமினிய கியர் சைக்கிளையும் பட்டறைக்கு கொண்டு போனால் அங்கேதான் சிக்கல். ஒட்டியது போல தெரியும். ஆனால் ஒரு நாள் ஓடும்போதே உடைந்து ஆளை கவிழ்த்து விடும்.

எந்த விரிசலை சரி செய்யலாம், எதை தொடவே கூடாது? விவரம் வருமாறு:-

காந்தம் போதும்

முதலில் பிரேம் எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தை வைத்தால் இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. அரசு பள்ளிகளில் பிளஸ்-1 படிப்பவர்களுக்கு கொடுக்கப்படும் சைக்கிள்கள் இரும்பு பிரேம்தான். அவற்றுக்கு வெல்டிங் தாங்கும்.

விரிசலா, கீறலா?

கோடு தெரிந்தாலே விரிசல் என்று பயப்பட வேண்டாம். சில நேரம் பெயிண்ட் மட்டும் வெடித்திருக்கும். அந்த இடத்தை துடைத்து, கொஞ்சம் பெயிண்டை சுரண்டி விட்டு பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். உலோகம் பளபளவென்று ஒரே சீராக இருந்தால் அது வெறும் பெயிண்ட் கீறல். உலோகத்திலும் கறுப்பு கோடு ஓடினால், நகம் மாட்டினால், அது விரிசல்தான். சந்தேகம் இருந்தால் கோட்டின் இரண்டு முனையிலும் பேனாவால் குறி போட்டு வைக்கலாம். ஓட்டாமலே வைத்திருந்து, சைக்கிள் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

எந்த இடம்?

ஹேண்டில்பார் நுழையும் முன் குழாய், அதனுடன் கீழ் பைப் சேரும் இடம், பெடல் அச்சு பொருந்தும் இடம், சீட் கம்பிக்கு கீழே, பின் சக்கரத்தை பிடிக்கும் பைப்புகள். விரிசல் அதிகம் வருவது இங்கேதான். ஆள் எடையும் ரோட்டு அதிர்வும் இந்த மூட்டுகளில்தான் இறங்குகிறது. சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோட்டை தாண்டி உயர்த்தி ஓட்டினாலும் சீட் பைப் வெடிக்கும்.

முன் குழாயிலோ, முன் போர்க்கிலோ விரிசல் என்றால் பேச்சே வேண்டாம். அது உடைந்தால் முகம்தான் தரையில் மோதும்.

சரி செய்யக்கூடியதும் உண்டு. பின்பக்க கியரை தாங்கும் சின்ன துண்டு (ஹேங்கர்) பெரும்பாலான சைக்கிள்களில் தனியாக கழற்றி மாற்றும்படி இருக்கும். தண்ணீர் பாட்டில் திருகு மரை போனாலும் புதிதாக போட்டுக்கொள்ளலாம்.

வெல்டிங் ஏன் நிற்பதில்லை?

சாதாரண வெல்டிங்கில் அலுமினியம் ஒட்டாது. ஆர்கான் வெல்டிங்தான் வேண்டும். அலுமினிய கலவை சுமார் 600 டிகிரி வெப்பத்திலேயே உருகி விடும். ஆனால் அதன் மேல் படிந்துள்ள ஆக்சைடு படலம் உருக 2 ஆயிரம் டிகிரிக்கு மேல் தேவை. இரும்பு போல சிவந்து எச்சரிக்கையும் தராது. மெல்லிய பைப் 'பொசுக்'கென்று ஓட்டை விழும்.

கைதேர்ந்தவர் அழகாக வெல்டிங் வைத்தாலும் பிரச்சினை தீராது. சைக்கிள்களில் அதிகம் பயன்படும் 6061 ரக அலுமினியம், சூட்டு பக்குவத்தால் பலம் பெற்றது. வெல்டிங் சூடு பட்டதும் பக்கத்து உலோகத்தின் பலம் கிட்டத்தட்ட பாதியாகி விடும். இழந்த பலம் திரும்ப, முழு பிரேமையும் சுமார் 530 டிகிரியில் வைத்து, தண்ணீரில் அமுக்கி, மறுபடி 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் நடக்கும் இந்த வேலை பட்டறையில் நடக்காது. வெளியே செய்தாலும் செலவு புது பிரேமை தாண்டி விடும்.

விமானமே உடைந்தது

இரும்பு ஓரளவுக்கு கீழான அதிர்வை எவ்வளவு நாளானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த குணம் இல்லை. சின்ன சின்ன அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 1954-ல் இங்கிலாந்தின் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. அலுமினிய உடலில் இப்படி வளர்ந்த விரிசல்தான் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. எனவே 'சின்ன விரிசல்தானே, பார்த்துக்கலாம்' என்பது ஆபத்து. விரிசல் நிற்காது, வளரும். எம்-சீல் பூசுவதும், கம்பி கட்டுவதும் கண்ணுக்கு மறைக்குமே தவிர பாரம் தாங்காது.

என்ன செய்யலாம்?

முதலில் சைக்கிளை ஓட்டுவதை நிறுத்த வேண்டும். அடுத்து பில்லை தேட வேண்டும். பல நிறுவனங்கள் பிரேமுக்கு தனியாக பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. வெல்டிங் வைத்து விட்டால் அந்த உரிமை போய் விடும். அதனால் பட்டறைக்கு போகும் முன் கடைக்கு போவதே புத்திசாலித்தனம்.

பழைய கியர் சைக்கிள் வாங்குபவர்களும் மூட்டுகளை துடைத்து பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் உஷார்!

உத்தரவாதம் இல்லை என்றால் சக்கரம், கியர், பிரேக், சீட் எல்லாவற்றையும் கழற்றி, அளவு பொருந்தும் வேறு பிரேமில் மாட்டலாம். உடைந்த பிரேமை பழைய இரும்போடு சேர்த்து போட்டு விடாதீர்கள். காயலான் கடையில் அலுமினியத்துக்கு இரும்பை விட கூடுதல் விலை உண்டு.