டயாலிசிஸ் இலவசம்தான்... பஸ் காசும் கூலியும் யார் தருவது?

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவரின் கணக்கு இது. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் போச்சு. தினக்கூலிக்காரர் என்றால் அன்றைய சம்பளமும் காலி. துணைக்கு வரும் மனைவி அல்லது மகனின் சம்பளமும்தான்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றி டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது இது. 2016-ல் மத்திய அரசு அறிவித்த தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

கிராமத்திலிருந்து டயாலிசிஸ் மையம் வரையிலான தூரம்தான் முதல் பிரச்சினை. இதற்காகவே 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால், பை மாற்றும்போது சுத்தம் ரொம்ப முக்கியம். இல்லையென்றால் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும். ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் இது லேசுப்பட்ட காரியமல்ல.

இன்னொன்று, பலர் மூச்சு வாங்கி, கால் வீங்கிய பிறகுதான் முதல் முறையாக ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். டயாலிசிஸுக்காகக் கையில் செய்யும் ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சை பக்குவப்படச் சில வாரங்கள் ஆகும். அதற்கு நேரமில்லாததால் கழுத்தில் குழாய் போட்டு அவசரமாக ஆரம்பிக்க வேண்டியதாகிறது. அதில் தொற்று ஆபத்து அதிகம்.

ஏன் இவ்வளவு தாமதம்? சிறுநீரகம் பெரும்பகுதி கெடும் வரை வலிக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவுகூட, பாதிச் செயல்திறன் போகும் வரை நார்மலாகவே தெரியலாம். சிறுநீரில் புரதம் கசிவதுதான் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அதற்கான பரிசோதனையோ மிக மலிவு.

அதை வைத்தே என்ன செய்ய முடியும் என்பதைச் சென்னையின் மூத்த சிறுநீரகவியல் நிபுணர் டாக்டர் எம்.கே.மணி, ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ மூலம் 1990-களிலேயே காட்டினார். சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சிறுநீர்ச் சோதனை, ரத்த அழுத்தம், விலை குறைந்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், அவ்வளவுதான். ஒரு நபருக்கு ஆண்டுக்கு ஆன செலவு அரை டாலரைக்கூடத் தொடவில்லை! டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்குவதற்குக் கிடைக்கும் வெளிச்சம் இந்த வேலைக்கு ஏனோ கிடைப்பதில்லை.

யார் சோதிக்க வேண்டும்?

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருப்பவர்கள், மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் விழுங்குபவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கப் போகும்போதே, ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். நோய் முற்றி அட்மிட் ஆன பிறகு அலைவதைவிட, இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.