வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்போது

பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு லயத்தில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களே. சிறு பிள்ளைகளுக்குப் பிள்ளை மடுவம் இருக்கிறது. பாரிசவாதத்தில் விழுந்த அப்பாயிக்கோ, கண் மங்கிய தாத்தாவுக்கோ அப்படி ஒன்றுமில்லை. மகனும் மருமகளும் மலையில். இன்னொரு மகன் கொழும்பில் கடையில். பிறகு யார் பார்ப்பது?

நாம் சென்ற ஒரு லயத்தில் இதற்குக் கண்ட வழி நமக்கு வேதனையளித்தது. ஒன்பதாம் ஆண்டில் படித்த பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். "வேற என்னங்க செய்யிறது? அப்பாயிக்கு அவ கையால குடுத்தாத்தான் சோறு எறங்குது" என்றார் தாய். பிள்ளையின் அன்பைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அத்தோடு, ஒரு பக்கம் இழுத்துவிட்ட பெரிய ஆளைத் தூக்கித் திருப்ப அந்தப் பிள்ளையின் முதுகு தாங்காது.

சரி, மருமகள் வேலைக்குப் போகாமல் நின்றால் என்ன? அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். போவது அன்றைய பேர் மட்டுமல்ல. சம்பளத்தோடு நிர்வாகம் போடும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும், நம்பிக்கை நிதி 3 வீதமும் நின்றுவிடும். வேலையை விட்டே நின்றுவிட்டால் சேவைக்காலப் பணமும் அதோடு நின்றுவிடும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்திற்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் பணம் அது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு ஆளுக்கு நியாயமான சம்பளம் கொடுத்து வைப்பது பல குடும்பங்களுக்கு நட்டமல்ல. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளும் இதில் பங்கு போட வேண்டும். தீபாவளிக்குச் சேலை கொண்டுவருவதோடு மகனின் கடமை முடிந்துவிடாது.

ஆளை எங்கே தேடுவது? தூரத்தில் தேடத் தேவையில்லை. தோட்டத்தில் ஓய்வுபெற்ற, கை கால் சுகமாயுள்ள பெண்கள் உண்டு; பிள்ளை மடுவத்தில் வேலை செய்து பழகியவர்களும் உண்டு. தோட்ட வைத்திய உதவியாளரிடமும் மருத்துவிச்சியிடமும் கேளுங்கள். வீடு வீடாகப் போகிறவர்கள், யார் எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். பராமரிப்பாளர் வேலைக்கு என்.வி.கியூ. சான்றிதழ் பெற்ற இளம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அதைவிட முக்கியமானது ஒன்று. வந்தவர் நோயாளியிடம் பேசுகிறாரா, அல்லது நோயாளியை வைத்துக்கொண்டு உங்களிடம் மட்டும் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

அப்பாயியிடமும் கேளுங்கள். "அதுக்கு என்னா தெரியும்" என்று விட்டுவிடாதீர்கள். தன்னைக் குளிப்பாட்டப் போகிறவர், சேலை மாற்றப் போகிறவர் யார் என்பது அவருக்குப் பெரிய விஷயம். தாத்தாமாருக்கும் கூச்சம் உண்டு. முதல் நாளை ஞாயிற்றுக்கிழமையிலோ போயா தினத்திலோ வைத்தால் நீங்களும் கூட இருந்து பார்க்கலாம்.

சம்பளம், எந்த நாளில் தருவது, எத்தனை மணிக்கு வருவது, பகல் சாப்பாடு யார் வீட்டில், லீவு எப்போது என்பவற்றை முதலிலேயே பேசி, அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "நம்ம ஆளுதானே, பாத்துக் குடுப்போம்" என்று தொடங்கிய இடங்களில்தான் மூன்றாம் மாதம் சண்டை வருகிறது. வீட்டு விறகு, தண்ணீர், துணி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். அவர் வந்திருப்பது அப்பாயிக்காக.

அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில. எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்து, அந்தச் சிவப்பு மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். உடனே வைத்திய உதவியாளருக்குச் சொல்ல வேண்டும். சோறோ தேத்தண்ணியோ படுத்தபடி கொடுக்கக்கூடாது, புரைக்கேறும். குளிருக்கென்று கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுக் காம்பராவில் கரிச்சட்டி வைக்கவே கூடாது. அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாமலே உயிரைக் கொண்டுபோகும். வாய் கோணினால், பேச்சுக் குழறினால், மலைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்காமல் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்த இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். முதியவரின் வங்கிப் புத்தகம், அட்டை, இரகசிய இலக்கம் என்பவற்றை வேலைக்கு வருபவரிடம் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல. ஏதாவது குறைந்தால் பழி அவர் மேல்தான் விழும். ஆனால் நாம் கேட்ட முறைப்பாடுகளில் பெருவிரல் அடையாளம் வாங்கிப் பணத்தை எடுத்தவர்கள் சொந்தப் பேரப்பிள்ளைகளே. முதியவரின் காசு முதியவருடையது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது. கவனிப்பாரற்ற பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். இதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இன்னுமொன்று. வைத்த ஆளுக்கும் காய்ச்சல் வரும், ஊரில் சாவு, சடங்கு இருக்கும். அன்றைக்கு யார் வருவது என்று பக்கத்துக் காம்பராவில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அன்று மறுபடியும் பேத்திதான் பள்ளிக்கூடத்திற்குப் போகாமல் நிற்பாள்.