புல் முளைக்கும் வரை குத்தகை முடியவில்லை!

கிணறு வெட்டுகிறவன்கூடச் சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டுத்தான் போகிறான். கிராவல் தோண்டுகிறவர் மட்டும் குழியைத் திறந்தபடியே போட்டுவிட்டு லாரியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். இது எந்த ஊர் நியாயம்?

இராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் உழைக்கும் தோழர்களுக்கு இது எட்டாத தூரத்துச் சங்கதி அல்ல. கடலோரத்துத் தாழ்ந்த தரையிலே சாலை போட வேண்டுமானாலும், கன்டெய்னர் யார்டு அமைக்க வேண்டுமானாலும், முதலில் மண் கொட்டி மேடாக்கியாக வேண்டும். அந்த மண் வானத்திலிருந்தா விழுகிறது? ஏதோ ஓர் ஊரின் மேடு பள்ளமாகித்தான் இங்கே பள்ளம் மேடாகிறது.

பள்ளமாகிற ஊரிலே யாருக்கு நட்டம்? நஞ்சை வைத்திருப்பவருக்கு வைக்கோல் உண்டு. நிலமில்லாத கூலிக்காரர் வீட்டிலே ஒரு பசு, நான்கு ஆடு. அவற்றுக்கு மேய்க்கால் புறம்போக்குதான் கதி. மேய்க்கால் போனால் பசு போகும். பசு போனால் சொசைட்டிக்கு ஊற்றும் பாலும் போகும். மழைக்காலத்திலே அந்தக் குழி நிரம்பி நின்றால், குளிக்கப் போகும் பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜனவரி 8 அன்று, காமன் காஸ் வழக்கிலே, தலைமை நீதிபதி பாப்டே தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தெளிவாகவே கூறியது. சுரங்க வேலை முடிந்ததும், குத்தகைதாரரே அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடியும் வளரத் தக்கதாக நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். இதைக் குத்தகை நிபந்தனையாகவே விதிக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

'அது பெரிய சுரங்கத்துக்கு, கிராவலுக்கு ஏன்?' என்பார்கள். இரும்புத் தாதுக் குழியிலே விழுந்த மாடுதான் சாகும், கிராவல் குழியிலே விழுந்தது பிழைத்துக்கொள்ளுமா? 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராவல் சிறு கனிமம். அதற்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. 1959 முதல் தமிழ்நாட்டுச் சிறு கனிம விதிகளும் இருக்கின்றன. ஆகவே டில்லியைக் கைகாட்டித் தப்பிக்க வழியில்லை.

'முடியாத காரியம்' என்பார்கள். முடியும். ஆனால் தோண்டுவதற்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும். உயிருள்ள மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே குவிக்க வேண்டும்; அதை விற்கக் கூடாது. வேலை முடிந்ததும் செங்குத்தான ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். லாரிச் சக்கரம் இறுக்கிய அடித்தரையை ஆழ உழ வேண்டும். அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைக்க வேண்டும். வேர் பிடிக்கும் வரை மாடு புகாமல் வேலி வேண்டும். சீமைக் கருவேலம் தலைகாட்டினால் பிடுங்க வேண்டும். பிறகு ஆட்டுக்கிடை போட்டால் எருவுக்குப் பஞ்சமில்லை. இதிலே நம் குடியானவருக்குத் தெரியாத வித்தை எது?

எல்லாக் குழியையும் புல்தரையாக்கு என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 2019 வறட்சியிலே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீர் சென்னைக்குக் குடிநீராயிற்று. நீர் தங்கும் குழியைக் கரை கட்டி, படி வைத்து, குட்டையாக்கலாம். எது தேவை என்பதை ஊர் சொல்லட்டும். காண்ட்ராக்டர் சொல்ல வேண்டாம்.

நாம் கேட்பது மூன்றே மூன்று. மூடும் செலவை முன்பணமாக அரசிடம் கட்டாதவருக்கு அனுமதி கூடாது. அந்தப் பணத்தைப் புல் முளைத்ததைப் பார்த்த பிறகே திருப்பித் தர வேண்டும். உழவும் விதைப்பும் வேலியும் அந்த ஊர்க் கூலிக்காரருக்கே வேலையாகக் கிடைக்க வேண்டும்.

மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. ஆலைக்கு விடுமுறை, ஊருக்குப் போகும் தோழர்கள் சபையிலும் போய் உட்காருங்கள். எந்தக் குழி, யார் குத்தகை, எப்போது முடிந்தது என்று கேளுங்கள். பதிலை எழுத்திலே வாங்குங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்!